சென்னைக்குள் மாட்டாமல் வடக்கே போக எந்தச் சாலை? நூறடி ரோடு, பைபாஸ், வெளிவட்டச் சாலை: ஓர் ஒப்பீடு

விழுப்புரம் பக்கமிருந்து காரில் வந்து நெல்லூர் போகிறவர்கள், திருச்சியிலிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வருகிறவர்கள், தாம்பரத்தில் வீடும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையும் உள்ளவர்கள் என எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ஜிஎஸ்டி ரோட்டில் (தாம்பரம் வழியாக வரும் தென்மாவட்ட நெடுஞ்சாலை) நேராகப் போய் கத்திப்பாராவில் நூறடி ரோட்டைப் பிடிப்பதா? பெருங்களத்தூர் தாண்டி பைபாஸ் ஏறுவதா? வண்டலூரிலேயே இடதுபுறம் ஒதுங்கி வெளிவட்டச் சாலைக்குப் போய்விடுவதா? கைப்பேசி வரைபடத்தைக் கேட்டால் மூன்றுக்கும் சில நிமிடம்தான் வித்தியாசம் காட்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பதில் மாறியிருக்கும். அந்த நிமிடக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுத்தால் சாலையில் ஏறிய பிறகுதான் அதன் மற்ற செலவுகள் தெரியவரும்.

மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவுகோல்கள் முதலில்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஏறும் இடமும் இறங்கும் இடமும். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வட்டச்சாலையின் நடுப்பகுதியில் நேரம் போவதில்லை, நேரத்தைத் தின்பது அதன் வாய்கள்தான். கணக்கு எளிது. விரைவுச்சாலையில் தடையில்லாமல் ஓடும் ஒரு லேன் மணிக்குச் சுமார் 2,000 கார்களைக் கடத்தும். இறங்குபாதை பெரும்பாலும் ஒரே லேன். அதில் மணிக்கு 1,200 வண்டிகள் இறங்குவதாகவும், கீழே 120 வினாடிச் சுற்றுள்ள சிக்னலில் உங்கள் பக்கத்துக்கு 48 வினாடி பச்சை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பச்சையில் 2 வினாடிக்கு ஒரு வண்டி என்றால் சுற்றுக்கு 24 வண்டிகள், மணிக்கு 720 வண்டிகள்தான் வெளியேறும். மீதி 480 வண்டிகள் வரிசையில் நிற்கும். வண்டிக்கு 7 மீட்டர் என்றாலும் ஒரு மணி நேரத்தில் வரிசை மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இறங்குபாதை அவ்வளவு நீளம் இருக்காது. வரிசை மேலே ஏறி விரைவுச்சாலையின் இடது லேனை அடைக்கும். இறங்கப் போகாதவர்களும் அதில் சிக்குவார்கள். ஆறு லேன் சாலை அகலமாகக் கிடக்க, வண்டிகள் ஊர்ந்து போவது இப்படித்தான்.

நேரம் எவ்வளவு மாறும் என்பது. சராசரியாக ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும் சாலை சில நாள் முக்கால் மணியிலும் சில நாள் இரண்டரை மணியிலும் முடியலாம். ஒன்றரை மணி ஆனாலும் தினமும் ஒன்றரை மணியே ஆகும் சாலை வேறு வகை. ரயில் பிடிக்க, கப்பல் கட்-ஆஃப் நேரத்துக்குள் (துறைமுகம் சரக்கை ஏற்கும் கடைசி நேரம்) கன்டெய்னரை உள்ளே சேர்க்க இரண்டாவதுதான் உதவும்.

கையிலிருந்து போகும் காசு. சுங்கம், கூடுதல் கிலோமீட்டருக்கான எரிபொருள், நின்றபடி ஓடும் இன்ஜின் குடிப்பது மூன்றும் சேர்ந்தது.

இரவு, மழை, வண்டி பழுது. பகலில் நல்ல சாலை நள்ளிரவிலும் நல்ல சாலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

| | நூறடி ரோடு (உள்வட்டச் சாலை) | சென்னை பைபாஸ் | வெளிவட்டச் சாலை |
|---|---|---|---|
| போகும் வழி | கத்திப்பாரா, வடபழனி, கோயம்பேடு, பாடி, ரெட்டேரி, மாதவரம் | பெருங்களத்தூர், போரூர், மதுரவாயல், அம்பத்தூர், புழல் | வண்டலூர், நசரத்பேட்டை, நெமிலிச்சேரி, நல்லூர், மீஞ்சூர் |
| நீளம் | சுமார் 25 கி.மீ. | 32 கி.மீ. | சுமார் 62 கி.மீ. |
| சுங்கம் | இல்லை | 2 சாவடி (தேசிய நெடுஞ்சாலை) | 4 சாவடி (மாநில அரசு) |
| சிக்கும் இடம் | சந்திப்புக்குச் சந்திப்பு | பெருங்களத்தூர், மதுரவாயல், புழல் | வண்டலூர், மீஞ்சூர் |
| நேரத்தின் உறுதி | பகலில் மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| இரவில் | வெளிச்சம், பங்க், ஆள் நடமாட்டம் உண்டு | பரவாயில்லை | நின்ற லாரிகள், வெறிச்சோடிய பகுதிகள் |

## நூறடி ரோடு: ஊருக்குள் வேலை இருந்தால் மட்டும்

ஜவாஹர்லால் நேரு சாலை என்ற இந்த நூறடி ரோடுதான் அரசுக் கோப்புகளில் சென்னையின் உள்வட்டச் சாலை. கத்திப்பாரா க்ளோவர் இலை மேம்பாலம் (நாற்புறமும் வளையங்களில் ஏறி இறங்கும் வடிவம்) 2008-இல் முழுமையாகத் திறந்தது. கோயம்பேட்டிலும் பாடியிலும் வடபழனியிலும் மேம்பாலங்கள் உண்டு. ஆனாலும் ஒரு மேம்பாலம் இறங்கும் இடத்தில் அடுத்த சிக்னலுக்கான வரிசை தொடங்கிவிடும். வடக்குப் பகுதியில் ரெட்டேரி, கொளத்தூர், வில்லிவாக்கம் வழியாக மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 5-ஆவது வழித்தடம் வருகிறது. வேலை நடக்கும் இடங்களில் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்குவதால் லேன்கள் குறையும்.

பகலில் ஊரைத் தாண்டிப் போக இந்தச் சாலை வேண்டாம். சுங்கம் இல்லை என்பது கவர்ச்சியான காரணம்தான். ஆனால் கிளட்சும் பிரேக்கும் தேயும், எரிபொருள் போகும், ஓட்டுகிறவர் களைத்துப் போவார். லாரிகளுக்கு நகரச் சாலைகளில் பகல் நேரக் கட்டுப்பாடும் உண்டு. தடை நேரத்தில் நுழைந்து பிடிபட்டால் அபராதத்தைவிட, ஓரங்கட்டி நிற்கும் நேரம்தான் பெரிய நஷ்டம்.

இது நல்ல தேர்வாகும் நேரம் இரவு பதினொரு மணிக்கு மேல், விடியற்காலை ஐந்துக்குள். காரில் தனியாகவோ சிறு பிள்ளைகளோடோ போகிறவர்களுக்கு அப்போது மூன்றிலும் இதுவே பாதுகாப்பான வழி. வழி நெடுக வெளிச்சம் இருக்கும். பஞ்சர் ஆனால் கேட்க ஆள் இருக்கும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்.

தாம்பரத்திலிருந்து தினமும் கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் போகிறவர்கள் இந்த மூன்றையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புறநகர் ரயிலில் பரங்கிமலை வந்து, அங்கேயே பச்சை வழித்தட மெட்ரோவுக்கு மாறினால் நூறடி ரோட்டின் மேலேயே போய் இறங்கலாம். அந்தப் பயணத்துக்கு எந்தச் சாலையும் இதற்கு ஈடாகாது.

## பைபாஸ்: குறுக்கு வழி, ஆனால் மதுரவாயலைக் கடக்க வேண்டும்

ஜிஎஸ்டி ரோடு, பெங்களூரு நெடுஞ்சாலை, திருவள்ளூர் போகும் சிடிஎச் ரோடு, கல்கத்தா நெடுஞ்சாலையான ஜிஎன்டி ரோடு ஆகிய, நகரிலிருந்து வெளியே பிரியும் நான்கு ஆரச்சாலைகளையும் 32 கிலோமீட்டரில் கோர்க்கும் சாலை இது. தூரத்தில் வெளிவட்டச் சாலையைவிடக் குறைவு. போரூர், மதுரவாயல், அம்பத்தூர், புழல் இவற்றில் எங்காவது இறங்க வேண்டியவர்களுக்கு இதை விட்டால் உருப்படியான வழி இல்லை.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் சிக்கல் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்த பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளும் அவற்றைப் பிடிக்க வரும் மாநகரப் பேருந்துகளும் ஆட்டோக்களும் கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் பகுதிக்குள் வந்து கூடுகின்றன. தீபாவளி, பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாள்களில் வண்டலூரிலிருந்து பெருங்களத்தூர் வரையிலான சில கிலோமீட்டர், பைபாஸ் முழுவதையும்விட அதிக நேரம் எடுக்கும்.

இரண்டாவது சிக்கல் மதுரவாயல். க்ளோவர் இலை அமைப்பில் ஒரு வளையத்திலிருந்து மேலே வருகிற வண்டி நடுச்சாலைக்கு வலதுபுறம் நகர வேண்டும். அடுத்த வளையத்தில் இறங்கப் போகிற வண்டி இடதுபுறம் வர வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதற்கு இருப்பது சிறு தூரம். வண்டி குறைவாக இருக்கும்போது இது தெரியாது. நெரிசல் நேரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி ஓரம் மாறத் தயங்கினால் பின்னால் இரண்டு லேன் நிற்கும். நேராகப் புழல் போகிறவர்கள் போரூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் நடு லேனுக்கோ வலது லேனுக்கோ வந்துவிட வேண்டும். மதுரவாயலைக் கடக்கும்வரை இடது லேனைத் தொடக்கூடாது. பூந்தமல்லி, பெங்களூரு பக்கம் இறங்குகிறவர்கள் சந்திப்புக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே இடதுபுறம் வந்துவிடுவது நல்லது. கடைசி நூறு மீட்டரில் வெட்டித் திரும்புவதால்தான் அங்கே இடிபாடுகள் நடக்கின்றன.

போரூர், சூரப்பட்டு சாவடிகளின் அருகே ஆம்னி பேருந்துகள் ஆள் ஏற்றுவதால் சாவடியைத் தாண்டி ஓரத்தில் பயணிகள் பெட்டியோடு நிற்பார்கள். பேருந்து திடீரென இடதுபுறம் ஒதுங்கும், எதிர்த்திசையில் பைக்குகளும் வரும். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை இங்கே வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

காசு விஷயத்தில் பைபாஸுக்கு ஒரு சாதகம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15-இல் ரூ.3,000-க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், தனியார் கார், ஜீப், வேன்களுக்கு 200 முறை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லும். பைபாஸின் இரண்டு சாவடிகளும் அதில் அடங்கும். ஆனால் தினமும் இரண்டு சாவடியைப் போக வரக் கடப்பவருக்கு நாளொன்றுக்கு நான்கு கழியும், 200 என்பது ஐம்பது வேலை நாளில் தீர்ந்துவிடும். ஒரு சாவடி மட்டும் கடப்பவருக்கு நூறு நாள் வரும். தினசரிப் பயணக்காரர்கள் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு பாஸ் வாங்குங்கள். ஃபாஸ்டேக் இல்லாமல் போனால், 2025 நவம்பரில் வந்த விதிப்படி தேசிய நெடுஞ்சாலைகளில் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்காக இருந்தது.

## வெளிவட்டச் சாலை: தூரம் கூடுதல், நேரம் உறுதி

வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான முதல் கட்டம் 2014-இலும், நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான இரண்டாம் கட்டம் 2021-இலும் திறந்தன. மொத்தம் சுமார் 62 கிலோமீட்டர். ஆறு லேன், இருபுறமும் சர்வீஸ் ரோடு.

இதன் பெரிய பலம் அது ஜிஎஸ்டி ரோட்டை எங்கே விட்டு விலகுகிறது என்பதில் இருக்கிறது. வண்டலூரிலேயே ஒதுங்கிவிடுவதால் பெருங்களத்தூரைப் பார்க்கவே வேண்டாம். நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலை, நெமிலிச்சேரியில் சிடிஎச் ரோடு, செங்குன்றத்துக்கு வடக்கே நல்லூர் பக்கம் ஜிஎன்டி ரோடு என எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே சந்திக்கிறது. நெல்லூர் போகிற காருக்குப் புழல், செங்குன்றம் நெரிசலும் மிச்சம். கூடுதலாகப் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது ஏழரை நிமிடம்தான். பெருங்களத்தூரில் ஒரு நெரிசலுக்கு அது காணாது.

லாரிக்காரர்கள் டீசல் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் பத்து கிலோமீட்டர் கூடுதல் என்றால் இரண்டரை லிட்டர். பெரிய டீசல் இன்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். ஆக, முக்கால் மணி, ஒரு மணி நெரிசல் மிச்சமானால் டீசலில் சரிக்குச் சரி. நிறுத்தி நிறுத்தி எடுப்பதில் போகும் டீசல், கிளட்ச், டயர் எல்லாம் அதற்கு மேல் லாபம். சுங்கம்தான் இடிக்கும். வரதராஜபுரம், கொளப்பஞ்சேரி, நெமிலிச்சேரி அருகே பாலவேடு, சின்னமுல்லைவாயல் என நான்கு சாவடிகள். இது மாநில அரசின் சாலை, வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது. பாஸ் இருக்கிறதே என்று நம்பி ஏறுகிற கார்க்காரர்களுக்குக் கணக்கில் பணம் குறைந்த செய்தி வந்த பிறகுதான் இது தெரிகிறது.

மீஞ்சூர் முனையும் சுலபமில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி இரண்டுக்கும் போகிற கன்டெய்னர்கள் அங்கே வந்து குவிகின்றன. அகலமான சாலையில் வேகமாக வந்த லாரிகள் மீஞ்சூரில் குறுகிய சாலைக்குள் இறங்க வேண்டும். மேலே சொன்ன இறங்குபாதைக் கணக்கு இங்கே அப்படியே நடக்கும். துறைமுகத்தில் உள்ளே அனுமதி தாமதமானால் வரிசை வட்டச்சாலைக்கே வந்து நிற்கும். உங்கள் நுழைவு நேரத்தைத் தெரிந்துகொள்ளாமல் மீஞ்சூர் வரை போகாதீர்கள். சரக்கு வண்டிகள் நிற்க இடமுள்ள யார்டில் காத்திருப்பது மேல்.

இரவில் இந்தச் சாலைக்கென்று தனி எச்சரிக்கை வேண்டும். இடது லேனில் பின்விளக்கு எரியாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் லாரிகள் நிற்கும். 80-இல் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. லோ பீமில் சுமார் 40, 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். நின்ற லாரியைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் அதில் முக்கால்வாசி தூரம் தீர்ந்திருக்கும். நடு லேனில் 60, 70-க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். பங்க்குகள் குறைவு என்பதால் ஜிஎஸ்டி ரோட்டிலேயே எரிபொருள் போட்டுக்கொள்ளுங்கள், டயர் காற்றும் பார்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் காற்று குறைந்த டயர் தொடர் வேகத்தில் சூடேறித்தான் வெடிக்கிறது.

நவம்பர், டிசம்பர் கனமழையில் பிரதான பாதை உயரத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி அடையாற்றின் வெள்ளப் பகுதி. அங்கே சர்வீஸ் ரோடும் உள்ளூர்ச் சாலைகளும் தண்ணீரில் நிற்கும். மழை எச்சரிக்கை உள்ள நாளில் வரதராஜபுரத்தில் இறங்கி உள்ளே போகும் திட்டம் வேண்டாம்.

## சுற்றுச்சாலை வேண்டாத பயணங்கள்

திண்டிவனத்திலிருந்து பெங்களூரு போகிறவர் சென்னை வரை வருவதே வீண். செங்கல்பட்டில் காஞ்சிபுரம் சாலையைப் பிடியுங்கள். திருப்பதி போகிறவர்களுக்கும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி வழி உண்டு. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் வழி. மூன்றிலும் வண்டலூர் நெரிசலே கிடையாது.

## இதனால் ஊர் நெரிசல் குறைந்ததா

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நெல்லூர் லாரி கோயம்பேட்டுக்குள் வருவது குறைந்தது, அது உண்மையான லாபம். ஆனால் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் காலை எட்டு மணிக்கு நிற்கும் வண்டிகள் வெளியூர் வண்டிகள் அல்ல. அவை ஊருக்குள்ளேயே கிளம்பி ஊருக்குள்ளேயே போய்ச் சேர வேண்டியவை. எத்தனை வட்டச்சாலை போட்டாலும் அவை அதில் ஏறப் போவதில்லை.

அதோடு, வட்டச்சாலை காலியாக இருக்கும் காலம் கொஞ்சம்தான். நூறடி ரோடும் ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் போவதற்கென்று வகுத்த சாலைதான். இன்று அது ஊரின் நடுத்தெரு. பெங்களூருவின் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை ஐடி வளாகங்கள் வந்து, இப்போது அதன் மேலேயே மெட்ரோ கட்டுகிறார்கள். லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டருக்கு 1986-இல் முழுமையடைந்த எம்25, எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பி, அதன் பிறகு பலமுறை அகலப்படுத்தப்பட்டது. அமெரிக்க நகரங்களின் தரவை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் டுரான்டன், டர்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்றே கண்டது.

சென்னையின் வெளிவட்டச் சாலைக்கு எடுத்த 122 மீட்டர் அகலத்தில் 50 மீட்டர் ஓரப்பட்டை வணிக வளர்ச்சிக்கென்றே ஒதுக்கியது. அங்கே கட்டடங்கள் எழுவதில் தவறில்லை. ஒவ்வொரு வளாகமும் பிரதான பாதைக்கே நேர் வாசல் கேட்டு, அரசும் கொடுத்தால், இந்தச் சாலையின் ஒரே பலமான நேர உறுதி போய்விடும். சர்வீஸ் ரோடு வழியாக மட்டும் நுழைவு, ஏறும் இடங்களுக்கிடையே போதிய தூரம், நடுவில் ரயிலுக்கென்று விட்ட 22 மீட்டரைத் தொடாமல் வைத்திருப்பது ஆகிய மூன்றையும் இப்போதே கறாராகப் பிடிக்க வேண்டும். பைபாஸின் ஓரத்தில் போரூரிலும் நொளம்பூரிலும் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் விட்டுவிட்டால் அது மன்னிக்க முடியாத அலட்சியம்.

## இன்னொரு வட்டம்

எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை ஐந்து பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. எல்லாப் பகுதிகளும் சேர்ந்தால் தெற்கிலிருந்து வரும் சரக்கு வண்டி சிங்கப்பெருமாள் கோவிலிலேயே ஜிஎஸ்டி ரோட்டை விட்டுவிடலாம். எண்ணூர்க்காரர்களுக்கு எண்ணூர்–தச்சூர் பகுதி மட்டுமே போதும், மீஞ்சூருக்குள் இறங்கும் தேவை போய்விடும். நெல்லூர் கார்க்காரர்களுக்கு அந்த ஒரு பகுதியால் எதுவும் மாறாது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தச்சூர் வரை தொடர்ச்சியாக ஓட முடியும்வரை அவர்களுக்கு வண்டலூர் திருப்பம்தான் சரி.